ஒரு தேங்காய், நான்கு கட்டங்கள்

நிலத்துக்குக் கீழே எண்ணூறு அடியில் ஓடுகிற தண்ணீரை, உள்ளங்கையில் ஒரு தேங்காயை வைத்துச் சொல்லிவிடுகிறவன் என்று இருபத்தேழு வருடமாக என்னை நம்பினார்கள். அப்படிப்பட்டவனுக்கு, தொப்புளுக்கு நான்கு விரல் கீழே முட்டிக்கொண்டு நின்ற சொந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட வெளியே எடுக்கத் தெரியாமல் போனது. சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தேன், மூன்று மாதம் கழித்து.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். போர் போட நினைக்கிறவர்கள் துளை போடுகிற ரிக் வண்டியைக் கூப்பிடுவதற்கு முன் என்னைக் கூப்பிடுவார்கள். குடுமியோடு ஒரு தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு தோட்டத்தில் மெதுவாக நடப்பேன். நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்துவிடுவேன். தண்ணீர் வந்தவர்கள் துடியலூரில் என் வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கோடு ஒரு வேட்டி வைத்துக் கொடுப்பார்கள். அவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். கடைசி நோட்டில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. நாற்பத்தொன்றிலும் தண்ணீர். தோற்றதே இல்லாத நோட்டு அது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவன் நான்.

அன்று காலை அந்தியூர்ப் பக்கம் சென்னியப்பன் என்பவரின் தோட்டத்தில் இருந்தேன். அவருக்கு ஏற்கெனவே இரண்டு முறை இடம் குறித்துக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது முறையும் என்னையே கூப்பிடுகிறார் என்றால் முந்தைய இரண்டும் கொட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். விசாரிக்கவில்லை. வடகிழக்கு மூலையில் தேங்காய் ராணுவ வீரனைப் போல விறைப்பாக நின்றது. குச்சியை நட்டுவிட்டு, பஸ்ஸில் வந்ததிலிருந்து அடக்கிவைத்திருந்ததை இறக்கிவிடலாம் என்று கிளுவை வேலிக்குப் பின்னால் ஒதுங்கினேன். கால் மணி நேரம் நின்றேன். முக்கினேன். பெருமாளையும் மாரியம்மனையும் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சென்னியப்பன் குரல் கொடுத்தார். "ஏனுங்ணா, அங்கியும் நீரோட்டம் பாக்கறீங்ளா?"

"பாத்துட்டுத்தான் இருக்கறனுங். இங்க வறட்சி."

அவர் சிரித்தார். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டிருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கியது. அவரே காரை எடுத்து, பின்சீட்டில் என்னைப் படுக்கவைத்து, கோயம்புத்தூர் வரைக்கும் ஓட்டிவந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். அன்று மாலை அவர் தோட்டத்துக்கு ரிக் வண்டி வர வேண்டியிருந்தது. அதை அவர் வழியில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அவசரப் பிரிவில் டியூப் போட்டார்கள். அதைக் கதீட்டர் என்கிறார்கள். சிறுநீர் வருகிற வழியாகவே ஒரு ரப்பர்க் குழாயை உள்ளே விட்டு, மறுமுனையை ஒரு பையோடு இணைத்துவிடுவது. போடும்போது நான் எழுப்பிய சத்தத்தை இங்கே எழுத முடியாது. பை நிறைந்ததும் நர்ஸ் அளவைப் பார்த்து வாய்விட்டு "ஆயிரத்து இருநூறு மில்லி" என்றார். என் வாழ்க்கையில் நான் காட்டிய இடத்தில் தண்ணீர் கொட்டியதைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல்முறை. மற்றதெல்லாம் சொல்லிக் கேட்டது.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி மோதிரம் போட்டது போல ஒரு சுரப்பி இருக்கிறது. புராஸ்டேட் என்று பெயர். வயதானால் அது வீங்கும். வீங்கினால் குழாயை நெரிக்கும். எனக்கு நெரித்திருக்கிறது. இதுவரை பயமில்லை. அந்தச் சுரப்பி ரத்தத்தில் விடுகிற ஒரு பொருளைப் பிஎஸ்ஏ என்கிற சோதனையில் அளக்கிறார்கள். என் ரத்தத்தில் அது கூடுதலாக இருந்தது.

"கூடுனா என்னுங்க?" என்றேன்.

"புராஸ்டேட்ல புற்று இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இது கூடித்தான் இருக்கும். ஆனா வெறும் வீக்கத்துக்கும் கூடும். உங்களுக்கு அடைப்பு இருந்திருக்கு, டியூப் போட்டிருக்கு, அதனாலயும் கூடும். ஆறு வாரம் கழிச்சுத் திரும்ப எடுப்போம். அப்பவும் இறங்கலைன்னா பயாப்சி."

ஐந்து வாக்கியம் சொன்னார். நான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "பெரும்பாலானவங்களுக்கு" என்பது என் தொழிலில் நூற்றுக்குத் தொண்ணூறு. ஆகவே எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறு புற்று. ஐம்பத்தெட்டு வயது. கணக்கு முடிந்தது.

பயாப்சி என்றால் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது. ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று ஊரில் பத்துப் பேராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் எட்டுப் பேரிடம் தலையாட்டி, நானே இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எப்படியும் போகப் போகிறவனுக்கு எதற்கு ஊசி? அது வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

இரவுகளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன் என்பது போதும். பகலில் நகைச்சுவையாகப் பேசுகிறவர்களுக்கு இரவில் கையிருப்பு இருப்பதில்லை.

மனைவி சரசு தரையில் பாயைப் போட்டுத் தங்கியிருந்தாள். காலையில் எனக்கு முகம் துடைத்துவிட்டு, நான் குடிக்கிற தண்ணீரையும் பையில் இறங்குகிற தண்ணீரையும் நர்ஸ் கொடுத்த தாளில் எழுதுவாள். முதலில் தான் ஒரு வாய் குடித்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் கஞ்சியை நீட்டுவாள். நான் அவளிடம், "அந்தப் பச்சைக் கரை வேட்டி பீரோவுல மேல் தட்டுல இருக்குது. என்னைக் கொண்டுபோறப்ப அதயக் கட்டியுடு" என்றேன். அவள் கஞ்சி டம்ளரைக் கழுவப் போனாள். கழுவி முடிக்க ரொம்ப நேரமானது.

மூன்றாம் நாள் சென்னியப்பன் வந்தார். ஒரு தார் கதலிப்பழத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கட்டிலடியில் வைத்தார்.

"போர் போட்டாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆச்சுங்ணா. நீங்க ஒடம்பப் பாருங்க."

அவர் போன பிறகு பக்கத்துக் கட்டில்காரரிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன். அவர் இப்ராகிம் பாய். உக்கடத்தில் பழைய இரும்புக் கடை. சிறுநீரகக் கல்லுக்காக வந்திருந்தார். "பாத்தீங்களா பாய், தண்ணி வந்த சந்தோசத்துல தார் வாழைப்பழம்." பாய் ஒரு பழத்தை உரித்துக்கொண்டே, "உங்க தேங்காய எங்கிட்டச் சித்தெ கொடுங்க. என் கல்லு எங்க இருக்குதுன்னு பாக்கோணும். டாக்டருக்கே சரியாத் தெரியல" என்றார்.

நான்காம் நாள் பிற்பகலில் என் மகள் சுதா வந்தாள். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். நான் அவளிடம் என் தீர்மானத்தைச் சொன்னேன்.

"பயாப்சி வேண்டாங் கண்ணு. நூத்துக்குத் தொண்ணூறு எனக்குப் புத்துதான். டாக்டரம்மாவே சொல்லியாச்சு."

"டாக்டர் என்ன வார்த்தை சொன்னாங்க? அப்படியே சொல்லுங்ப்பா."

சொன்னேன். அவள் சரசுவிடமிருந்து தண்ணீர்க் கணக்கு எழுதும் தாளை வாங்கி, பின்பக்கம் திருப்பி, ஒரு பெரிய சதுரம் போட்டு, நெடுக்கே ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் இழுத்தாள். நான்கு கட்டம்.

"இது நெசக் கணக்கு இல்லீங்ப்பா, உங்களுக்குப் புரியறதுக்கு நானாப் போடறது. உங்களாட்டம் அடைப்போட வந்தவங்க நூறு பேருன்னு வெச்சுக்கலாம். அதுல இருபது பேருக்குப் புத்து இருக்குது, எண்பது பேருக்கு இல்ல. இருக்கறவங்க இடது பக்கம், இல்லாதவங்க வலது பக்கம். சரீங்ளா?"

"சரி."

"ரத்தத்துல அளவு கூடுனவங்க மேல் வரிசை, கூடாதவங்க கீழ் வரிசை. புத்து இருக்கற இருபதுல பதினெட்டுப் பேருக்குக் கூடுது, ரெண்டு பேருக்குக் கூடல. டாக்டர் சொன்னது இதுதான். இடது பக்கத்த மேலிருந்து கீழ பாத்துச் சொன்னாங்க. இருபதுல பதினெட்டு. உங்க தொண்ணூறு இங்க இருக்குது."

"அதத்தான நானும் சொல்றேன்."

"சித்தெ இருங்க. புத்து இல்லாத எண்பது பேர்ல வெறும் வீக்கத்துனால முப்பத்தாறு பேருக்குக் கூடுதுன்னு வைங்க. மிச்சம் நாப்பத்தி நாலு பேருக்குக் கூடல. இப்ப நீங்க எந்த வரிசைல நிக்கறீங்க?"

"மேல் வரிசைல. கூடியிருக்குதே."

"அந்த வரிசைல மொத்தம் எத்தனை பேரு?"

பதினெட்டும் முப்பத்தாறும் ஐம்பத்துநான்கு. விரல் விட்டுத்தான் எண்ணினேன்.

"அந்த அம்பத்தி நாலு பேர்ல புத்து இருக்கறவங்க பதினெட்டு. மூணுல ஒருத்தருங்ப்பா. டாக்டர் மேலிருந்து கீழ படிச்சத நீங்க இடமிருந்து வலமாப் படிச்சுப்போட்டீங்க. புத்து இருக்கறவங்களுக்கு அளவு கூடுமாங்கறது ஒரு கேள்வி. அளவு கூடுனவங்களுக்குப் புத்து இருக்குமாங்கறது வேற கேள்வி. கட்டம் ஒண்ணுதான், அடியில வெச்சு வகுக்கற மொத்தம் வேற."

இதற்கு இருவழி அலைவெண் அட்டவணை என்று பெயராம். அலைவெண் என்றால் எத்தனை தடவை என்கிற எண்ணிக்கை, அவ்வளவுதான். இரண்டு விஷயங்களை ஒரே ஆட்களிடம் கேட்டு, பதில்களை நெடுக்கிலும் குறுக்கிலும் அடுக்கி எண்ணுவது. உள்ளே நான்கு எண்கள். ஓரத்தில் வரிசைகளின் மொத்தம், அடியில் பத்திகளின் மொத்தம், மூலையில் எல்லாம் சேர்ந்த நூறு. எந்த மொத்தத்தால் வகுக்கிறோம் என்று பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. இதை என் வாயால் அவள் மூன்று முறை சொல்ல வைத்தாள்.

எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. மூன்றில் ஒன்று. அதாவது மூன்றில் இரண்டு நான் பிழைக்கிற பக்கம். நான்கு நாளில் முதல்முறையாக வாழைப்பழம் கேட்டுச் சாப்பிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். என்னால் விட முடியவில்லை. குஷி வந்துவிட்டால் வாய் நிற்காது.

"நல்ல கணக்கா இருக்குதே கண்ணு. என் தேங்காய்க்கும் ஒண்ணு போடு. தேங்கா நின்னு தண்ணி வந்தது நாப்பத்தி ஒண்ணு. எழுது."

அவள் புதிய சதுரம் போட்டாள். மேல் வரிசை தேங்காய் நின்றது, கீழ் வரிசை நிற்காதது. இடப்பக்கம் தண்ணீர் வந்தது, வலப்பக்கம் வராதது. மேலே இடது கட்டத்தில் நாற்பத்தொன்று எழுதினாள்.

"நின்னு, தண்ணி வராதது?"

"ஒண்ணோ ரெண்டோ இருக்கும். யாரும் சொன்னதில்ல."

தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த சரசு, தலையைத் தூக்காமல், "இருபத்தி மூணு" என்றாள்.

நான் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து அவளை எட்டிப் பார்த்தேன்.

"என்னது?"

"இருபத்தி மூணுங்க. இந்த நோட்டுக் காலத்துக்கு மட்டும். முந்தினது ஞாபகமில்ல." பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். காரமடைக்காரர் ஒன்று. சூலூர் வாத்தியார் ஒன்று. அன்னூரில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும். பெயர், ஊர், எத்தனை அடி போய்ப் புழுதி பறந்தது என்பது வரைக்கும். "நீங்க வெளிய போயிருக்கறப்ப ஃபோன் பண்ணுவாங்க. 'தண்ணி வரலீங்க அக்கா, அண்ணங்கிட்டச் சொல்லீராதீங்க, பாவம் சங்கடப்படுவாரு, எங்க மண்ணு சரியில்ல'ன்னு சொல்லுவாங்க. நானும் சொல்லல."

தண்ணீர் வந்தவர்கள் வேட்டியோடு வந்தார்கள். வராதவர்கள் மரியாதையோடு வராமல் இருந்தார்கள். அந்த மரியாதையை நான் வெற்றி என்று எழுதிவைத்திருக்கிறேன்.

"கடசி மூணு?" என்றாள் சுதா. இருபதுதான் எண்ணியிருந்தாள்.

சரசு கட்டிலடியில் இருந்த வாழைத்தாரைப் பார்த்தாள். "சென்னியப்பண்ணனுது. நேத்துப் பழங் கொண்டாந்தப்ப வெளிய வெச்சு எங்கிட்டச் சொன்னாரு. மூணு போரும்."

நான் கையில் மிச்சமிருந்த பாதிப் பழத்தைத் தாரின் மேலேயே வைத்தேன். என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போன மனிதர், அன்று மாலையே என் குச்சி நின்ற இடத்தில் புழுதி பறப்பதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தார் வாழைப்பழத்தோடு வந்து உடம்பைப் பாருங்கள் என்றிருக்கிறார்.

அதற்குப் பிறகாவது யாராவது பேச்சை மாற்றியிருக்கலாம். பாய் வியாபாரி. அவருக்குக் காலியாக ஒரு கட்டம் கிடந்தால் பொறுக்காது. "ஏனுங்க, தேங்கா நிக்காத எடத்துல யாருமே போர் போடலீங்களா?" என்றார்.

அதுவும் சரசுவுக்குத் தெரிந்திருந்தது. நான் வேண்டாம் என்ற இடத்தில், வழித்தடம், கரண்டு வசதி என்று ஏதோ காரணத்துக்காகப் போட்டவர்கள் பதினான்கு பேர். ஒன்பது பேருக்குத் தண்ணீர், ஐந்து பேருக்கு இல்லை. அந்த ஒன்பது பேரும்கூட, "அண்ணங்கிட்டச் சொல்லீராதீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்.

சுதா வகுத்தாள். நின்ற வரிசையில் அறுபத்துநான்கில் நாற்பத்தொன்று. நிற்காத வரிசையில் பதினான்கில் ஒன்பது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு."

"ரெண்டும் நூத்துக்கு அறுபத்தி நாலுங்ப்பா."

"அப்படின்னா?"

"பதினாலுங்கறது சின்ன எண்ணிக்கை, அத வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்தத் தாளப் பொறுத்தவரைக்கும், தேங்கா நின்னாலும் ஒண்ணுதான், படுத்தாலும் ஒண்ணுதான். தண்ணி அதும்பாட்டுக்கு இருக்குது."

பாய் மெதுவாக, "சட்னியாச்சும் அரைச்சிருக்கலாம்" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தத் தாளைக் கிழித்துப் போடத்தான் கை போனது. ஆனால் அதே தாளில், அதற்கு மேலே, மூன்றில் ஒன்று என்ற கணக்கும் இருந்தது. மேல் கணக்கை நம்பினால் கீழ்க் கணக்கையும் நம்ப வேண்டும். கீழ்க் கணக்கைக் கிழித்தால், மேலே எனக்குக் கிடைத்த மூன்றில் இரண்டும் கிழிந்துபோகும். இருபத்தேழு வருடத் தொழிலா, மூன்றில் இரண்டா? வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

"பயாப்சி எடுத்துக்கறேன்" என்றேன். சுதா என் காலை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

ஆனால் அப்போதுதான் வேறு ஒரு பயம் வந்தது. இத்தனை வருடம் இருபத்து மூன்று வறண்ட குழிகளை முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் மறைத்தவள் என் மனைவி. நாளைக்கு எனக்குப் புற்று என்று தாள் வந்தால்? எங்கள் பக்கத்தில் நோயாளிக்கு மட்டும் தெரியாமல் ஊருக்கே தெரிந்த புற்றுகள் நிறைய உண்டு. என் சொந்தப் பெரியப்பாவுக்கு அல்சர் என்று சொல்லித்தான் அனுப்பிவைத்தோம். அவருக்கு அன்பாகப் பொய் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

"சரசு," என்றேன், "ரிசல்ட் எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லிப்போடோணும். போர் மாதிரி பண்ணீராத."

அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "சரீங்க" என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

டியூபை எடுத்தார்கள், மாத்திரையில் தண்ணீர் இறங்கியது, வீட்டுக்கு வந்தேன். ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுத்த ரத்தத்தில் அளவு கொஞ்சம் குறைந்திருந்தது, போதுமான அளவு குறையவில்லை. பயாப்சிக்கு நாள் குறித்தார்கள். சரசு கோயிலில் பூக் கேட்டாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளை வந்தால் செய்யலாம். வெள்ளை வந்துவிட்டது என்று வந்து சொன்னாள்.

"எத்தன தடவ போட்டுப் பாத்த?"

கொஞ்சம் யோசித்தாள். "மூணு." பிறகு, "மொத ரெண்டும் செவப்பு" என்றாள்.

அவள் அதை மறைக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பயாப்சி பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். பின்வழியாக ஒரு ஸ்கேன் குழாயை விட்டு, அது காட்டுகிற படத்தைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய ஊசியால் துணுக்கு எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்டேப்ளர் அடித்தது போல ஒரு சத்தம். வலி பொறுக்கக்கூடியதுதான், மானம்தான் கொஞ்சம் சிரமப்படும். ஊசியால் பரவுமா என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். அந்தப் பயத்தில் வராமல் இருந்துவிடுகிறவர்களைத்தான் தாமதமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். பன்னிரண்டு இடத்தில் எடுத்தார்கள். நான் ஒரு ஏக்கர் தோட்டத்தில் ஒரே ஒரு குச்சி நட்டு நெஞ்சை நிமிர்த்தியவன். அவர்கள் ஒரு எலுமிச்சை அளவுச் சுரப்பியில் பன்னிரண்டு போர் போட்டுவிட்டு, "பார்த்துத்தான் சொல்லணும்" என்றார்கள்.

இரண்டு நாள் சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தது. ரிசல்ட்டுக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் நான் யாரிடமும் வேடிக்கையாகப் பேசவில்லை. மூன்றில் ஒருவன் என்பது தாளில் சின்னதாகத் தெரிகிறது. வீட்டில் மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தால், தட்டுகளை எண்ணினால், அது சின்னதாகத் தெரிவதில்லை.

பதினோராம் நாள் காலை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர். முறை வருகிற நேரம் பார்த்து எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. பயந்தால் அடிக்கடி வரும், வந்தால் சீக்கிரம் இறங்காது, என் நிலைமை அப்படி. திரும்பி வந்தபோது சரசு நாற்காலியில் இல்லை. என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவள் உள்ளே போயிருக்கிறாள். கதவு மூடியிருந்தது.

அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். உள்ளே அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "அவர்கிட்டச் சொல்லீராதீங்க டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வெளியே வந்து, ஒன்றுமில்லீங்க, வாங்க போலாம் என்பாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது. உண்மையிலேயே ஒன்றுமில்லாமல் இருந்து, அவள் அதையே சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை. அவள் எது சொன்னாலும் எனக்கு அது பயன்படாது. அன்பு காட்டியே என்னை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கதவு திறந்தது. அவள் கையில் உறை இருந்தது. அவள் கண் சிவந்திருந்தது. இருபத்து மூன்று குழிகளுக்கும் சிவக்காத கண்.

"ஏனுங்க," என்றாள். என் கையைப் பிடித்து உறையை உள்ளங்கையில் வைத்தாள். "தேங்கா நின்னுச்சு. தண்ணி இல்லீங்க."

நான் உறையைப் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காத்திருந்தவர்கள் பார்க்க, அழுதேன். அளவு கூடியிருந்தது, புற்று இல்லை. மேல் வரிசை, வலது கட்டம். டாக்டரம்மா பிறகு உள்ளே கூப்பிட்டு, வெறும் வீக்கம்தான் என்றார். ஆனாலும் ஊசிக்கும் தவறுகிற கட்டம் ஒன்று உண்டு, ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். நான்கு கட்டம்தானே டாக்டர், தெரியும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சென்னியப்பனுக்கு ஃபோன் செய்தேன். ரிசல்ட்டைச் சொன்னேன். "மாரியாத்தா காப்பாத்துனாங்ணா" என்றார். பிறகு நான், "சென்னியப்பா, உங்க மூணு போரும் எனக்குத் தெரியும்" என்றேன்.



"அதயெதுக்குங்ணா இப்ப. அது எங்க மண்ணு."

"மண்ணு இல்லீங்க. தேங்காய்க்கு ஒண்ணுந் தெரியாது. எனக்கும் தெரியாது. மன்னிச்சுப்போடுங்க."

"சரி, மாத்திரைய நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றார்.

இப்போதும் யாராவது தேங்காயோடு வருகிறார்கள். தாளைக் காட்டி நான்கு கட்டத்தையும் சொல்கிறேன். பாதிப் பேர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரிங்ணா, சும்மா ஒருக்கா நடந்து காட்டுங்களே" என்கிறார்கள். நான் நடப்பதில்லை.

ரிசல்ட் வந்த அன்று மாலையே நோட்டை எடுத்தேன். சரசு சொல்லச் சொல்ல, இதுவரை இல்லாத பக்கத்தில் இருபத்து மூன்றையும் எழுதினேன். காரமடை, சூலூர், அன்னூர் இரண்டு. எல்லாம் எழுதி, கடைசியில் சென்னியப்பன், சென்னியப்பன், சென்னியப்பன். அவர்கள் எல்லோரும் காசை இழந்து எந்தக் கட்டத்துக்குள் வந்தார்களோ, அதே கட்டத்தில்தான் எனக்கு உயிர் கிடைத்திருக்கிறது. பேனாவை ஒருமுறை உதறிவிட்டு, இருபத்து நான்காவது வரியில் என் பெயரை எழுதினேன்.